மகள் ஆங்கிலம் கற்பிக்கக் கொரியாவுக்குப் போகிறாள்: அங்கே ஒரு வேலைநாள் எப்படிக் கழியும்?

ஸ்காபரோ அப்பா கேட்கிறார்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகக் கனடாவில், ஸ்காபரோவில் குடியிருப்பவன். உளவியல் படித்து முடித்த என் இளைய மகள், ஆங்கில ஆசிரியராக ஓராண்டு வேலை பார்ப்பதற்குத் தென் கொரியா போவதென்று முடிவெடுத்துவிட்டாள். போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னாள். ஆகவே அந்த வழக்கை நான் இங்கே கொண்டுவரவில்லை.

அவள் கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, எபிக் என்ற கொரிய அரசுத் திட்டத்தின் வழியாக ஓர் அரசுப் பள்ளி; வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு, மாதம் 23 இலட்சம் வொன், ஆனால் எந்த ஊர் என்பதைப் பிறகுதான் சொல்வார்களாம். மற்றது, சியோலை அடுத்த புந்தாங்கில் ஒரு ஹக்வொன். விசாரித்த அளவில் அது நம் ஊர் ரியூட்டரியைப் போன்ற தனியார் வகுப்பு நிலையம் என்று விளங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, வாரத்துக்கு 30 மணி நேரம், மாதம் 26 இலட்சம் வொன். வீடு இரண்டிலும் அவர்கள் பொறுப்பு. நகரத்துக்குப் பக்கம், சம்பளமும் கூட என்பதால் மகளின் மனம் புந்தாங்கில் நிற்கிறது.

யூடியூபில் தேடினால் கோப்பிக் கடைகளும் செர்ரிப் பூக்களும்தான் வருகின்றன. வேலைநாள் ஒன்று காலையிலிருந்து இரவு வரை எப்படிப் போகும், எதைச் சாப்பிடுவாள் (மாடும் பன்றியும் சாப்பிடமாட்டாள், மீன் சாப்பிடுவாள்), நம் நிறத்துப் பிள்ளையை அங்குள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்கள், இந்த இரண்டில் எது நல்லது என்பவற்றை அங்கே இருந்து வந்தவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


மலையூர்ப் பள்ளி ஆசிரியை:

ஐயா, நானும் ஸ்காபரோவில் வளர்ந்தவள்தான். 2019 பெப்ரவரியில் எபிக் வழியாகப் போய், வட கியொங்சாங் மாகாணத்து மலையூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் கற்பித்துவிட்டு வந்தேன். நீங்கள் ஒரு நாளைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலை 8.40-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும். வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போடுவதற்கென்று வைத்திருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு, எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லியபடியே இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து நிமிடம் கழிந்துவிடும். அங்கே ஆங்கிலப் பாடம் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பாடவேளை 40 நிமிடம். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து பாடவேளைகள் இருக்கும், அவற்றில் பெரும்பகுதி மதிய உணவுக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் 4.40 வரை பள்ளியை விட்டு வெளியே போக முடியாது. பாடம் தயாரிக்க அந்த நேரம் வேண்டும்தான், என்றாலும் ஆறாவது மாதத்துக்குப் பிறகு தயாரிப்பதற்கு அவ்வளவாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வகுப்பில் மகளைத் தனியாக விடமாட்டார்கள். கூடவே ஒரு கொரிய ஆசிரியர் இருப்பார். வங்கிக் கணக்கு, கைத்தொலைபேசி, எரிவாயுக் கட்டணம், காய்ச்சல் வந்தால் மருத்துவமனை என்று முதல் சில மாதங்களுக்கு எல்லாவற்றுக்கும் அவரையே கேட்க வேண்டியிருக்கும் என்பதால், எபிக்கில் போகிற ஒருவரின் ஆண்டு நல்லதாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் அந்த ஒருவரைப் பொறுத்தது என்பேன். முதலாண்டில் எனக்கு வாய்த்தவரும் நானும் பாடத்தைப் பங்குபோட்டுக் கற்பித்தோம்; நவம்பரில் அவருடைய தாயார் போட்ட கிம்ச்சியில் (காரமாகப் புளிக்கவைத்த காய்கறி) எனக்கும் ஒரு டப்பா வந்தது. இரண்டாம் ஆண்டில் வந்தவருக்கு ஆங்கிலம் பேசுவதென்றால் கூச்சம். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து வேறு கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், நானும் பதினான்கு பிள்ளைகளும் பாதிக்குமேல் சைகையிலேயே பாடம் நடத்திக்கொண்டிருப்போம். மூன்றாம் பாடவேளை இன்று இல்லை என்ற செய்தி, மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது காக்காவோடாக் என்ற கைத்தொலைபேசிச் செய்திச் செயலியில் வந்து விழும். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று முதலில் கொதித்தேன். விசாரித்தால், அவருக்கே அது ஆறு நிமிடத்துக்கு முன்புதான் தெரிந்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கட்டாயம் கவலைப்படுவார், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். மதிய உணவு பள்ளியிலேயே, பிரிவுகள் உள்ள சில்வர் தட்டில் கிடைக்கும்: ஒரு குழியில் சோறு, ஒன்றில் சூப், மேல்வரிசையில் கிம்ச்சியும் ஒரு காயும் ஒரு மீனோ இறைச்சியோ. அந்த மாதம் முழுவதற்குமான உணவுப் பட்டியலை முன்கூட்டியே தருவார்கள். அதில் ஒவ்வொரு பண்டத்தின் பெயருக்கும் பக்கத்தில் 5, 6, 13 என்று சிறு எண்கள் இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக அச்சிடப்படும் எண்கள் அவை. 10 என்றால் பன்றி, 16 என்றால் மாடு. கொரிய எழுத்து ஒன்றும் தெரியாத முதல் மாதத்தில் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். மகள் மீன் சாப்பிடுவது பெரிய வசதி, ஏனென்றால் சூப்பில் நெத்தலிச் சாறும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ அநேகமாக இருக்கும். சுத்த சைவக்காரர் என்றால் வெறும் சோறும் கடற்பாசித் தாளும்தான் மிஞ்சும். சாப்பிட்டு முடித்ததும் அதிபர் முதல் பிள்ளைகள் வரை எல்லோரும் பல்துலக்கியும் கையுமாக நடமாடுவதைப் பார்க்கலாம். அந்தப் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வாரத்தில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி என் முன்கையில் விரலால் ஒருமுறை தேய்த்து, பிறகு தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை என்று தெரிந்ததும் அந்த ஆராய்ச்சி அவளுக்கு அத்தோடு முடிந்துவிட்டது. பெரியவர்களிடம் அது அவ்வளவு விரைவாக முடிவதில்லை: கனடா என்று சொன்னால், "அது சரி, உண்மையில் எந்த நாடு?" என்ற கேள்வி பேருந்து நிறுத்தத்திலும் முடிதிருத்தும் கடையிலும் வரும். வெறுப்பை நான் கண்டது அபூர்வம், உற்றுப் பார்ப்பது மட்டும் நாள்தோறும் உண்டு. நாம் இங்கே எதிர்கொள்வதைவிட அது வெளிப்படையானது, அதனாலேயே சில நாட்களில் களைப்பாக இருக்கும்.

இடைவேளையில் நான் தொலைபேசியில் பேசியதைக் கேட்ட பிள்ளைகள், நான் "அம்மா", "அப்பா" என்றதும் துள்ளிக் குதித்தார்கள். அவர்களுக்கு அது "ஒம்மா", "அப்பா". அன்றிலிருந்து நான் பாதிக் கொரியக்காரி. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கோஜோங் மன்னர் தொடங்கிய அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பதற்காக 1886-இல் வந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் இலக்கணத்தில் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் கொரியாவின் முதல் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களில் ஒருவருக்கு நம் மொழிகளின் நினைவு வந்ததே என்று, ஒரு விடுப்பு நாளில் சியோலின் யாங்வாஜின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

குளிர்கால விடுமுறைதான் கடினம். ஜனவரியில் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஓரிரு வாரம் ஆங்கில முகாம் நடத்திய பிறகு, விடுப்பு எடுக்காத நாட்களில் ஆளில்லாத கட்டடத்தில் ஒற்றைச் சூடேற்றியின் முன்னால் 4.40 வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கொரிய எழுத்தான ஹங்குலை ஒழுங்காகப் படித்ததும் கம்பளிப் பின்னல் கற்றுக்கொண்டதும் அந்த இருக்கையில்தான். வீடு ஒற்றை அறை, ஆனால் தரைக்கு அடியில் சுடுநீர் ஓடுவதால் வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்து பாகை இருந்தாலும் வெறுங்காலோடு நடக்கலாம். குப்பைக்கு அந்தந்த நகரசபையின் பையையே விலை கொடுத்து வாங்க வேண்டும், உணவுக் கழிவைத் தனியாகப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் வீட்டுக்காரப் பாட்டி கதவைத் தட்டுவார். என் கொரிய மொழியில் பாதி அந்தப் பாட்டியிடம் வாங்கிய திட்டில் வந்தது.

இரண்டில் எது என்றால், ஊர் எதுவென்று தெரியாவிட்டாலும் நான் அரசுப் பள்ளியையே சொல்வேன். ஹக்வொன் பற்றி அனுபவப்பட்டவர்கள் எழுதட்டும்.


பழைய ஹக்வொன்காரன்:

அண்ணா, அனுபவப்பட்டவன் நான்தான். சியோலுக்குப் பக்கத்து இல்சானில் ஒரு ஹக்வொனில் பதினொரு மாதம் இருந்தேன். அந்தப் பதினொன்று என்ற எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 30 மணி நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் வகுப்பு நிமிடங்களை மட்டும் கூட்டி 30 மணி என்று எழுதியிருந்தால், 40 நிமிட வகுப்பாக அது வாரத்துக்கு 45 வகுப்பு, நாளொன்றுக்கு ஒன்பது. காலை 9-இலிருந்து மாலை 6-க்குள் ஒன்பது வகுப்பை வைத்தால் மீதி எவ்வளவு என்று பாருங்கள். அந்த மீதிக்குள்தான் சாப்பாடும், பாடத் தயாரிப்பும், கழிவறைக்குப் போவதும். சின்னப் பிள்ளைகளின் ஹக்வொனில் சாப்பாட்டு நேரமும் பிள்ளைகளோடுதான், ஒருவன் சூப்பைக் கவிழ்ப்பான், இன்னொருத்திக்குக் கரட் பிடிக்காது. அரசுப் பள்ளியின் 22 மணி என்பது 40 நிமிடப் பாடவேளை ஒன்றை ஒரு மணியாகக் கொள்ளும் கணக்கு. ஆகவே மகள் ஒப்பிட வேண்டியது 22-ஐயும் 30-ஐயும் அல்ல, 22-ஐயும் 45-ஐயும். கூடுதலாகக் கிடைக்கும் மூன்று இலட்சம் வொன்னுக்கு இரண்டு மடங்கு வேலை. விடுப்பும் அப்படித்தான்: எபிக்கில் ஆண்டுக்கு 26 நாள், எனக்குக் கிடைத்தது பத்து நாள், அதையும் அவர்கள் குறித்த தேதிகளில்தான் எடுக்க வேண்டும்.

நான் மாலைப் பிரிவில் இருந்தேன், பிற்பகல் 2-இலிருந்து இரவு 9.30 வரை. சியோலில் இரவு 10 மணிக்கு மேல் ஹக்வொன்கள் வகுப்பு நடத்தக் கூடாதென்று விதியே போட்டிருக்கிறார்கள் என்றால், விதி இல்லாவிட்டால் எதுவரை நடத்துவார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்து, கணித வகுப்பு முடித்து, என்னிடம் மூன்றாவதாக வரும் பன்னிரண்டு வயதுப் பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கினால் எழுப்ப எனக்கு மனம் வராது. ஆனால் வகுப்பறையில் கமெரா உண்டு, பணம் கட்டும் தாய்மாருக்குப் பதில் சொல்ல வேண்டிய இயக்குநர் எழுப்பச் சொல்லி ஆள் அனுப்புவார். பிள்ளைகளுக்குச் சேரும்போதே ஓர் ஆங்கிலப் பெயர் சூட்டிவிடுவார்கள். என் ஒரு வகுப்பில் மூன்று ஒலிவியாக்கள் இருந்தார்கள், தங்கள் சொந்தப் பெயரை ஏன் கேட்கிறேன் என்று மூன்று பேருக்கும் புரியவில்லை. பிள்ளைகளை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

இனி அந்தப் பதினொன்று. கொரியச் சட்டப்படி ஓராண்டு நிறைவு செய்தவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். பதினோராம் மாத முடிவில், மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் காட்டி என்னை நிறுத்தினார்கள். அதே வாரம், மனத்தில் ஏதோ உறுத்தியதால், தேசிய ஓய்வூதிய நிறுவனத்தின் கிளைக்குப் போய் என் பதிவு அட்டையைக் கொடுத்துக் கணக்கைக் கேட்டேன். அங்கிருந்த பெண் ஒரு தாளை அச்சிட்டு என் பக்கம் திருப்பி, பேனாவால் இரண்டு வரிகளைச் சுற்றிக் காட்டினார். பதினொரு மாதமும் என் சம்பளத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள், கட்டியதோ இரண்டே மாதம். தொழில் அமைச்சின் 1350 எண்ணை அழைத்து, பிறகு நேரில் போய் முறைப்பாடு கொடுத்தேன். நான்கு மாதம் அலைந்து ஓய்வூதியப் பணம் வந்தது. பணிக்கொடை வரவில்லை, ஓராண்டு நிறையவில்லை அல்லவா.

எல்லா ஹக்வொனும் இப்படி இல்லை. என் நண்பன் ஒருவன் வேறொரு ஹக்வொனில் ஐந்தாண்டுகளாக நிம்மதியாக இருக்கிறான். ஆனால் ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஈ-2 விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது, இடையில் மாற வேண்டுமென்றால் பெரும்பாலும் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்பதால், கையெழுத்திடும் முன்பு பார்க்காததைப் பிறகு பார்த்துப் பயனில்லை. ஓய்வூதியத்தில் பாதியை முதலாளி கட்டுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். கனடாக் குடிமக்கள் நாட்டை விட்டுப் புறப்படும்போது இரு பங்கையும் சேர்த்துத் திரும்பப் பெறலாம், அது சிறிய தொகை அல்ல.


தேஜொன் ஆய்வு மாணவன்:

சார், நான் திருநெல்வேலிக்காரன், ஆசிரியர் இல்லை; தேஜொனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சமையலறைப் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஆன்சானிலும் கிம்ஹேயிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்த இலங்கைத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருப்பதால், அங்குள்ள அயல்நாட்டுக் கடைகளில் பருப்பு, தேங்காய்ப்பால், கருவாடு, நம் வகை மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். சியோலில் என்றால் இதேவோன் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகள். பாஸ்மதி அரிசி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கொரிய அரிசி ஒட்டும். அதில் ரசம் ஊற்றினால் இரண்டும் சேராமல் தனித்தனியாக நிற்கும். ஒற்றை அறையில் தாளித்தால் மறுநாள் மேற்சட்டையிலும் அந்த வாசம் வரும், ஆகவே துணி காயப்போடும் நாளும் சாம்பார் வைக்கும் நாளும் வேறாக இருக்கட்டும். சளி காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டாம். காப்பீடு இருந்தால் தெருமுனை மருத்துவரிடம் முன்பதிவில்லாமல் போய்ச் சில ஆயிரம் வொன்னில் பார்த்துவிட்டு வரலாம்.

இதைப் படிக்கும் இந்தியக் குடிமக்களுக்காக ஒன்று. ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவர்களுக்கே. 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம் என்று ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் வந்த ஒருவரைக்கூட நான் இங்கே இன்னும் சந்திக்கவில்லை.


ஸ்காபரோ அப்பா:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் கணக்கை மகளிடம் காட்டியதும் ஒப்பந்தத்தை எடுத்துவந்து இருவருமாக உட்கார்ந்து வாசித்தோம். "வகுப்பு நிமிடங்கள்" என்றே எழுதியிருக்கிறது. பணிக்கொடை மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் என்று ஒரு வரி இருக்கிறது. வரியாக 3.3 விழுக்காடு மட்டும் பிடிக்கப்படும், வேறு பிடித்தம் இல்லை என்றும் இருக்கிறது. இதை மகள் ஒரு சலுகை என்று நினைத்திருந்தாள். நான் கொதித்துப் பேசினால் அவள் புந்தாங்குக்கே போய்விடுவாள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. இவற்றுக்கு என்ன பொருள்?


பழைய ஹக்வொன்காரன்:

வாயைத் திறக்காதது நல்லது, அண்ணா. 3.3 என்பது சொந்தத் தொழில் செய்பவருக்குப் பிடிக்கும் வரி. மகளை ஊழியராகக் காட்டாமல் தனி ஒப்பந்தக்காரராகக் காட்டினால் முதலாளி ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை, அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பணிக்கொடையை மாதச் சம்பளத்துக்குள் அடக்குவது சட்டத்தில் செல்லாது, அப்படி எழுதுகிறவரிடம் அதை வாங்குவதற்கு மறுபடி 1350 எண்ணைத்தான் அழைக்க வேண்டியிருக்கும். மூன்றையும் மாற்றி எழுதித் தருவீர்களா என்று மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோடு பேசவும் கேட்கட்டும். தயங்கினால் அதுவே பதில்.


மலையூர்ப் பள்ளி ஆசிரியை:

ஐயா, எந்தப் பக்கம் போனாலும் சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். என் காலத்தில் கொரியத் துணைத்தூதரகம் வரை அலைய வேண்டியிருந்தது. 2024 ஜனவரி 11 முதல் கனடாவும், ஒரு நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் அபொஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், பட்டச் சான்றிதழின் சான்றுறுதிப் படிக்கு ஒன்ராறியோ மாகாணமே முத்திரை கொடுத்துவிடும். கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸான ஆர்.சி.எம்.பி. தரும் குற்றப் பதிவுச் சான்றிதழ் கைரேகை கொடுத்து எடுத்ததாக இருக்க வேண்டும், அதற்கான முத்திரை ஒட்டாவாவில். அது பழையதாகிவிட்டால் ஏற்கமாட்டார்கள் என்பதால் மிக முன்னதாகவும் எடுக்கக் கூடாது. எபிக்கில் ஓகஸ்ட் முடிவில் போகிறவர்களுக்கான விண்ணப்பம் பெப்ரவரியில் திறக்கும்.

உள்ளே போடும் செருப்பைக் கனடாவிலிருந்தே வாங்கிக்கொண்டு போகட்டும். பள்ளி வாசலில் வைத்திருக்கும் விருந்தினர் செருப்பு எந்தக் காலுக்கும் சரியாக இருப்பதில்லை, என் முதல் நாள் வணக்கத்தில் ஒன்று கழன்று துணை அதிபரின் காலடியில் போய் விழுந்தது.